பொதுமக்கள் பேசும் நேரம்

எட்டிப் போய் அந்த டையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தால் என்ன என்று மங்கையர்க்கரசிக்குத் தோன்றியது. நீல டை. காலையில் அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு, "மங்கை, எது போட்டா நல்லாருக்கும், தீர்மானம் நான்தான் கொண்டு வர்றேன், எல்லாரும் என்னையத்தான் பாப்பாங்க" என்று அவர் கேட்டபோது அவள்தான் எடுத்துக் கொடுத்தாள். அந்த டை இப்போது பள்ளிக்கூட நூலகத்தில், பச்சை விரிப்புப் போட்ட நீள மேசைக்குப் பின்னால், ஏழு பேர் வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தது. முன்னால் பெயர்ப்பலகை: நேட் பெருமாள். கரூரில் பெருமாள் மகன் உலகநாதனாகப் பிறந்தவர் நியூ ஜெர்சிக்கு வந்து உலகத்தை உதறிவிட்டு நாதனானார், ஆபீசில் நேதனானார், போன வருஷம் பள்ளி வாரியத் தேர்தலில் நிற்கும்போது நேட் ஆகிவிட்டார். பேர் சின்னதாக இருந்தால்தான் புல்வெளியில் குத்தி வைக்கிற போர்டில் பெரிசாக எழுத முடியுமாம். அந்தப் போர்டுகளை அவள்தான் கார் டிக்கியில் அடுக்கினாள். நூற்றுக்கணக்கில் நேட், நேட், நேட். ஒன்றின் கம்பி குத்திப் பெருவிரலில் ரத்தம் வந்தது. அன்றைக்கு அதைச் சப்பிக்கொண்டு சிரித்தாள். எதற்குச் சிரித்தோம் என்று இப்போது நினைத்தால் எரிச்சலாக வந்தது. மேசையில் அவர் பக்கத்து ஆளிடம் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு, கூட்டத்தில் அவளைத் தேடிக் கண்டுபிடித்து லேசாகக் கை தூக்கிக் காட்டினார். பெண்டாட்டி முதல் முறையாகக் கூட்டத்துக்கு வந்திருக்கிறாள், தான் உட்கார்ந்திருக்கும் அழகைப் பார்க்க வந்திருக்கிறாள் என்ற சந்தோஷம் அந்தக் கையில் இருந்தது. வாசலில் அவர் நாலு பேரோடு கைகுலுக்கிக்கொண்டு நின்ற நேரத்தில், பேச விரும்புகிறவர்கள் எழுத வேண்டிய தாளில் அவள் தன் பெயரை எழுதிவிட்டு வந்ததை அவர் பார்க்கவில்லை.

திரையில் பள்ளிகளின் கண்காணிப்பாளர் ஒரு படத்தை மாற்றி இன்னொரு படம் போட்டார். நீலக் கட்டம், ஆரஞ்சுக் கட்டம். பதினெட்டு வயதிலிருந்து இருபத்தொன்று வரையுள்ள சிறப்புப் பிள்ளைகளுக்காக இந்தப் பள்ளியில் நடக்கிற வகுப்பை மூடிவிட்டு, அவர்களை ஒன்றேகால் மணி நேரம் தள்ளி இருக்கும் ஒரு தனியார் மையத்துக்குப் பேருந்தில் அனுப்புவது. அதுதான் தீர்மானம். நேட் பெருமாள் முன்மொழிவது. 'பலனை அளவிட இயலவில்லை' என்று ஒரு வரி திரையில் இருந்தது. பக்கத்து நாற்காலியில் டெனிஸ் அதைப் பார்த்து மூக்கால் ஒரு சத்தம் விட்டாள். டெனிஸ் நகராட்சிப் பேருந்து ஓட்டுகிறவள். அவள் மகள் ஆவா அந்த வகுப்பில் இருக்கிறாள். மங்கையின் மகன் முகில் போன வருஷம்தான் அதை முடித்தான். நாலு வருஷம் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்து நின்ற பழக்கம் இரண்டு பேருக்கும். டெனிஸுக்கு அவள் முகிலின் அம்மா, அவ்வளவுதான். வேறு எதுவும் தெரியாது. தெரிய வாய்ப்பும் இல்லை. அந்த வாசலுக்கு முகிலின் அப்பா ஒரு நாளும் வந்ததில்லை. ஒரே ஒரு நாள்கூட இல்லை. மழைக்காகக்கூட, பனிக்காகக்கூட, மங்கைக்குக் காய்ச்சல் என்று படுத்த அன்றைக்குக்கூட ஒரு வாடகைக் காரைத்தான் அனுப்பினார். "அந்த மூன்றாவது ஆள் இருக்கிறானே, நேட், அவனுக்கு நெஞ்சைத் திறந்தால் உள்ளே கால்குலேட்டர்தான் இருக்கும்" என்று டெனிஸ் காதோடு சொன்னாள். மங்கை திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காது மடல் சூடாகிக் கழுத்துக்கு இறங்கியது. இந்த ஆளுக்காக ஒரு கணம் கோபம் வந்ததே, அதுதான் அவளுக்குப் பெரிய கோபம். வெளியாள் சொன்னால் உறைக்கிறது. இருபத்தைந்து வருஷப் பழக்கம், நாய்க்குட்டி மாதிரி வாலை ஆட்டிக்கொண்டு முன்னால் வந்து நிற்கிறது.

குடியுரிமைத் தேர்வுக்கு அவளைத் தயார் பண்ணியது அவர்தான். காரில் போகும்போதெல்லாம் கேள்வி. காய்கறிக் கடைக்குப் போனாலும் கேள்வி, கோயிலுக்குப் போனாலும் கேள்வி. அரசாங்கத்தின் மூன்று கிளைகள் என்ன. சட்டம் இயற்றுவது, நிறைவேற்றுவது, நீதி சொல்வது. ஒரு கிளை மட்டும் பலம் பிடித்துக்கொள்ளாமல் எது தடுக்கிறது. ஒன்றை ஒன்று தடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. ஸ்டீயரிங்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இன்னொரு கையை விரித்து விரித்துச் சொல்வார்: "ஜனாதிபதியே நினைச்சாலும் நடக்காது, காங்கிரஸ் இருக்கு. காங்கிரஸ் சட்டம் போட்டாலும் இவர் வீட்டோ பண்ணலாம். ரெண்டு பேரும் சேந்து போட்டாலும் கோர்ட்டு அடிச்சுப்போடும். என்னா மூளைங்கற மங்கை, இருநூறு வருசத்துக்கு முன்னாடியே மனுசனை நம்பாம எழுதி வெச்சிருக்கானுக." ஆமாங்க, ஆமாங்க என்று கேட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் ஜனாதிபதியும் அவர்தான், காங்கிரஸும் அவர்தான், கோர்ட்டும் அவர்தான். மகள் மேகலாவுக்கு எந்தக் கல்லூரி என்பதற்கு ஒரு தீர்ப்பு. முகிலை ஊருக்கு, கல்யாணத்துக்கு, பொங்கல் விழாவுக்கு எங்கேயும் கூட்டிப் போவதில்லை என்பதற்கு ஒரு தீர்ப்பு. கூட்டம் அவனுக்கு ஒத்துக்காது, பாவம். அந்தப் 'பாவம்' என்ற சொல்லைத்தான் வெட்டிப் போட வேண்டும். அதை வைத்து எவ்வளவு கதவை மூடிவிட்டார். இன்னொரு கேள்வி இருந்தது. ஒரு செனட்டர் யாருக்குப் பிரதிநிதி? தன் மாநிலத்தின் எல்லா மக்களுக்கும். அவள் முதலில் 'தன் மாநிலத்து மக்களுக்கு' என்று சொன்னாள். அவர் பிரேக்கைப் போட்டே திருத்தினார். "எல்லா! எல்லான்னு சொல்லணும். எல்லாங்கறதுதான் பாயிண்டே. ஓட்டுப் போட்டவனுக்கு, போடாதவனுக்கு, ஓட்டே இல்லாதவனுக்கு, எல்லாருக்கும்." எல்லாருக்கும். சொல்லிக்கொடுத்த வாய் இன்னும் அதே முகத்தில்தான் இருக்கிறது, அதோ, தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடிக்கிறது.

தேர்தல் பிரசுரத்துக்குப் படம் எடுக்க ஒரு பெண் வந்தாள். கொல்லைப்புறத்தில், மஞ்சள் இலை உதிர்ந்த நேரம். குடும்பமாக நிற்கலாம் என்றுதான் அவள் சொன்னாள். மங்கை முகிலுக்கு நீலச் சட்டை போட்டுத் தலை சீவி வைத்திருந்தாள். சட்டைக் காலரில் இருந்த துணிச் சீட்டை வெட்டி எடுத்திருந்தாள், அது உறுத்தினால் அவனுக்குத் தாங்காது. அவர் கேமராக்காரியிடம் மெதுவாகப் போய் ஏதோ சொன்னார். திரும்பி வந்து, "நானும் மேகலாவும் போதும்னு நினைக்கிறேன் மங்கை. அப்பாவும் பொண்ணும். பள்ளிக்கூடம்னா அதுதானே பொருத்தமா இருக்கும். இவன் அந்த ஃபிளாஷுக்கு எல்லாம் கத்திட்டான்னா..." என்றார். ஃபிளாஷே இல்லை. நல்ல வெயில். கேமராக்காரியின் முதுகுக்குப் பின்னால் முகிலின் கையைப் பிடித்துக்கொண்டு மங்கை நின்றாள். அவன் உள்ளங்கை எப்போதும் கொஞ்சம் ஈரமாக இருக்கும். அவன் கத்தவில்லை. படம் எடுத்து முடிகிற வரைக்கும் அப்பாவைப் பார்த்து, கேமரா பார்த்தால் சிரிக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்த சிரிப்பைச் சிரித்துக்கொண்டே நின்றான். யாருமே எடுக்காத படத்துக்கு. பிரசுரம் ஊரில் எல்லா வீட்டுக்கும் போனது. ஒரு மகளின் தந்தை என்று போட்டிருந்தது. பொய் இல்லைதானே என்று கேட்டார். மகள் ஒன்றுதானே. பொய்யில்லாமல் பொய் சொல்வதற்கு எங்கே போய்ப் படித்தார் இந்த மனுஷன். அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். அன்றைக்கே அந்தத் தாளைக் கிழித்து அவர் தட்டில் பரிமாறியிருக்க வேண்டும். தீர்மானத்தைப் பற்றிக் கேட்டபோதும் என்ன சொன்னார்? தோசையைப் பிட்டுக்கொண்டே, "நம்ம பையன் முடிச்சுட்டான்ல, நமக்கென்ன" என்றார். முடிச்சுட்டான்ல. கரை ஏறினவன் படகைக் கொளுத்துகிற மாதிரி. அந்த நேரம் அடுப்பில் கல் காய்ந்து புகைந்தது, அவள் தண்ணீரைத் தெளித்தாள், சுர்ரென்ற சத்தம் இன்னும் காதுக்குள் இருக்கிறது.

மைக்கின் முன்னால் ஒரு கிழவர் நின்று பேசிக்கொண்டிருந்தார். வீட்டு வரி ஏறிக்கொண்டே போகிறது, தன் பிள்ளைகள் படித்து முடித்து முப்பது வருஷமாகிறது, அவரவர் சுமையை அவரவர் சுமக்க வேண்டும். சிலர் கை தட்டினார்கள். நேட் பெருமாள் ஆமோதித்துக் குறிப்பு எழுதினார். ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிடம். மேசையில் சின்ன விளக்கு, பச்சை, மஞ்சள், சிவப்பு. யாரும் வரலாம், யாரும் பேசலாம், பெயரும் முகவரியும் சொன்னால் போதும், மேசையில் இருப்பவர்கள் வாயை மூடிக்கொண்டு கேட்டே ஆக வேண்டும். அரசிடம் முறையிடும் உரிமை. அரசியல் சாசனத்தின் முதல் திருத்தத்தில் ஐந்து சுதந்திரம் உண்டு, பேச்சு, மதம், கூட்டம், பத்திரிகை, முறையீடு. அவளுக்கு ஐந்தாவது மட்டும் எப்போதும் மறந்துபோகும். மறக்காமல் என்ன செய்யும்? யாரிடம் முறையிட்டாள் இவ்வளவு நாளில்? எழுந்திருக்காமலே போய்விடலாம். பேர் கூப்பிட்டால் பேசாமல் உட்கார்ந்திருந்தால் அடுத்த பேருக்குப் போய்விடுவார்கள். வீட்டுக்குப் போய்ச் சாதம் வைக்கலாம். இதைச் செய்தபிறகு வீட்டுக்குப் போவது எப்படி? ஒரே காரில்தான் வந்திருக்கிறார்கள். ஒரே காரில் திரும்பி, ஒரே கதவைத் திறந்து, ஒரே குழாயில் கை கழுவி. கத்த மாட்டார். கத்தினால் பரவாயில்லை. பேசாமல் இருப்பார். வாரக்கணக்கில், உப்பு வேண்டும் என்றால்கூட மேகலாவைக் கூப்பிட்டுச் சொல்லி. அந்த மௌனத்துக்குப் பயந்தே எத்தனை ஆமாங்க. அவளுக்கு அறுபது வயதாகி, எழுபது ஆகி, அவள் இல்லாமல் போன ஒரு காலைப் பொழுது கண் முன் வந்தது. முகில் எழுந்து சட்டை போட்டுக்கொண்டு கூடத்தில் நிற்கிறான், காலரில் உறுத்துகிறது, இந்த மனுஷன் லேப்டாப்பிலிருந்து தலை தூக்காமல் 'பாவம்' என்கிறார். அவள் நாற்காலியின் விளிம்பை இறுகப் பிடித்தாள். செத்தால்கூட நிம்மதியாகச் சாக விடாத பயம், இதற்குப் பெயர்தான் குடும்பம் போலிருக்கிறது.

செயலாளர் அம்மாள் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு அடுத்த பெயரை வாசிக்கப் பார்த்தாள். "மான்... மாங்கயர்... மன்னிக்கவும்... காராசி... சோக்கா..." கூட்டத்தில் யாரோ மெல்லச் சிரித்தார்கள். மேசையில் அந்த மனுஷனும் புன்னகைத்தார். பெண்டாட்டி பெயர் அங்கே சிக்கிச் சின்னாபின்னமாகிக்கொண்டிருக்கிறது, அடையாளம் தெரியவில்லை அவருக்கு. சொக்கலிங்கம் மகள் மங்கையர்க்கரசி. கடவுச்சீட்டில் அப்பா பெயரையே வைத்துக்கொண்டதற்கு அந்தக் காலத்தில் எத்தனை நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், அதுகூடவா மறந்துபோயிற்று. மங்கை எழுந்தாள். எழுந்ததே தெரியவில்லை, கால்கள் முன்னால் போய்க்கொண்டிருந்தன. டெனிஸ் முழங்கையைத் தொட்டு, "விடாதே" என்றாள். மைக் உயரமாக இருந்தது, அதை இழுத்துத் தாழ்த்தியபோது கிரீச்சென்று கத்தியது. அவர் நிமிர்ந்தார். புன்னகை அப்படியே இருந்தது, அதற்குப் பின்னால் இருந்த ஆள் மட்டும் எங்கோ ஓடிப்போயிருந்தார்.

"மங்கையர்க்கரசி சொக்கலிங்கம்," என்றாள், ஒவ்வொரு எழுத்தாக. "பதினேழு, பர்ச் சந்து." செயலாளர் தட்டச்சு செய்துகொண்டே வந்த விரலை நிறுத்தி, மேசைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "ஆமாம்," என்றாள் மங்கை, "தீர்மானம் கொண்டுவந்த உறுப்பினரும் அங்கேதான் குடியிருக்கிறார். அந்த வீட்டில் அவரோடு இருபத்திரண்டு வயது மகனும் இருக்கிறான். பெயர் முகில். போன வருஷம் வரைக்கும் இந்த வகுப்பில் படித்தான்." ஜன்னலுக்கு வெளியே ஜூன் மாதத்துச் சாயங்கால வெளிச்சத்தில் யாரோ புல் வெட்டும் இயந்திரம் ஓட்டுவது கேட்டது. இங்கிலீஷ் எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தாள், தேட வேண்டியே இருக்கவில்லை, ஆத்திரத்துக்கு எல்லா மொழியும் தெரிந்திருந்தது. "பலனை அளவிட முடியவில்லை என்று போட்டிருக்கிறீர்கள். நான் சொல்கிறேன். இந்த வகுப்பில் சேரும்போது மிக்ஸி சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விடுவான். இப்போது வாரத்தில் இரண்டு காலை, ஓக் தெரு உணவகத்துக்கு எட்டாம் எண் பேருந்தில் தனியாகப் போகிறான். முள்கரண்டியையும் கத்தியையும் துணியில் சுருட்டி வைக்கிற வேலை. முதல் நாள் அவன் தனியாகப் பேருந்தில் ஏறியபோது அவனுடைய டீச்சர் தன் காரில் பின்னாலேயே போனார், ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று நின்று. இந்த ஊரின் பேருந்து. இந்த ஊரின் கடை. இந்த ஊரில் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற மனிதர்கள். இந்த ஊரில் வாழ்வது எப்படி என்பதை ஒன்றேகால் மணி நேரம் தள்ளி ஒரு கட்டடத்துக்குள் வைத்து எப்படிக் கற்றுக்கொடுப்பீர்கள்? நீங்கள் எல்லோருக்கும் பிரதிநிதி. எல்லோருக்கும் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அந்த மேசையில்தான் இருக்கிறார்." மஞ்சள் விளக்கு எரிந்தது. "உங்கள் வீட்டுக்கெல்லாம் ஒரு தேர்தல் பிரசுரம் வந்திருக்கும். அதில் ஒரு அப்பாவும் மகளும் நிற்பார்கள். அந்தப் படம் எடுத்தபோது என் மகன் கேமராவுக்கு இந்தப் பக்கம் நின்றான். நன்றாகத்தான் சிரித்தான். ஒருவரும் எடுக்கவில்லை." சிவப்பு. வாரியத் தலைவி நன்றி சொன்னாள். யாரும் கை தட்டவில்லை. திரும்பி நடந்தபோது டெனிஸ் வாயைப் பொத்திக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெயர் பெயராக வாக்கெடுத்தார்கள். ஆம். இல்லை. இல்லை. ஆம். ஒரு வாரியம், ஒரு மேசை, ஒரு சொல், இதற்குத்தான் இத்தனை ஏற்பாடும். ஆம். இல்லை. அவர் பெயரைக் கடைசியாகக் கூப்பிட்டார்கள், முன்மொழிந்தவர் என்பதால். நேட் பெருமாள் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகினார். மறுபடி எதிர்ப்பக்கம் திருகினார். மங்கை அந்த விரல்களையே பார்த்தாள். சொல்லு. எதையாவது சொல்லு. ஆமென்று சொன்னால் உன்னோடு மல்லுக்கு நிற்கிறேன், இல்லையென்று சொன்னால் உன் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறேன். "நான் வாக்களிக்கவில்லை," என்றார் அவர், மேசை விரிப்பைப் பார்த்து. மூன்றுக்கு மூன்று. பெரும்பான்மை இல்லை, தீர்மானம் தோற்றது என்று தலைவி அறிவித்தாள். கூட்டம் எழுந்து ஆரவாரித்தது. டெனிஸ் அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள், ஆவா வகுப்பு பிழைத்தது, பிழைத்தது. யாரோ முதுகில் தட்டி, "உங்கள் கணவர் பெரிய மனசு பண்ணிவிட்டார்" என்றார்கள். பெரிய மனசு. மங்கைக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆமும் இல்லை, இல்லையும் இல்லை. இதுதான் அவர். பத்தொன்பது வருஷமாக இதே வாக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார், முகில் பிறந்து மூன்று வயதில் டாக்டர் விஷயத்தைச் சொன்ன அன்றைக்கு, ஜன்னல் வழியாகக் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாரே, அன்றிலிருந்து.

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. அவர் காருக்குப் பக்கத்தில் கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு நின்றார். டையைத் தளர்த்தியிருந்தார். "எல்லாரும் ஜெயிச்சுட்டீங்கல்ல," என்றார். "இப்ப என்ன. ஊரே பாக்க மானத்தை வாங்கிட்டே. சரி. நானும் ஓட்டுப் போடலை. உனக்காகத்தான்."

"எனக்காக நீங்க எதுவும் செய்யலை. ஒண்ணும் செய்யாம இருந்தீங்க. அதை எம்மேல எழுதாதீங்க."

"வேற என்னதான் பண்ணச் சொல்ற?"

"ஆமான்னு சொல்லியிருக்கலாம். இல்லைன்னு சொல்லியிருக்கலாம். ஏதாவது ஒண்ணு, உங்க வாயிலேருந்து." குரல் உயர்ந்தது. இரண்டு கார் தள்ளி நின்றவர்கள் திரும்பினார்கள். திரும்பட்டும். "நாளைக்கு அவனுக்கு வேலை. நீங்கதான் அவன்கூட பஸ்ல போறீங்க. வாசலோட இல்லை, உள்ள வரைக்கும்."

"ஒன்பது மணிக்கு எனக்கு மீட்டிங் இருக்கு மங்கை."

அவள் கையை நீட்டினாள். அவர் புரியாமல் பார்த்து, பிறகு கார் சாவியை அந்தக் கையில் வைத்தார். அவள் கதவைத் திறக்கவில்லை. சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவர் முகத்துக்கு நேராக நின்றாள். "அந்த ஓட்டல்காரம்மா கேப்பாங்க. நீங்க யாரு, பையனுக்கு என்ன வேணும்னு. என்ன சொல்லுவீங்க?"

அவர் சுற்றிலும் பார்த்தார். டெனிஸ் தன் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வரிக்காகப் பேசிய கிழவர் நின்றார். செயலாளர் அம்மாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிக்கொண்டிருந்தாள்.

"அப்பான்னு சொல்றேன்," என்றார், உதடு மட்டும் அசைய.

"எனக்கே கேக்கலை," என்றாள் மங்கையர்க்கரசி. "இங்கிலீஷ்ல சொல்லுங்க. எல்லாரும் நிக்கிறாங்க."